சொல்லத் தகாததைச் சொல்லாத ரோபோ

குர்லா ரயில் நிலைய நடைமேடையில் இருவர் உரையாடுவதை நாம் பலமுறை கண்டிருப்போம். வண்டிகளின் இரைச்சலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் காதை அடைக்கும். ஒரே வாக்கியத்தில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரும். ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் தெளிவாகப் புரிந்துகொள்கின்றனர். நமக்கு இயல்பாக அமைந்த இத்திறனை இயந்திரத்துக்குக் கற்பிப்பது, மனிதரும் ரோபோவும் அறிவோடு உரையாடுவதைப் பற்றிய ஆய்வின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

"என் அக்கவுண்ட்ல பேலன்ஸ் கித்னா இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், ரோபோ முதலில் இரைச்சலிலிருந்து குரலைப் பிரிக்க வேண்டும், பின்னர் அதைச் சொற்களாக்கிப் பொருளுணர்ந்து, விடையைத் தேடிக் குரலாக்க வேண்டும். மனிதர் உரையாடலில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கச் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. ரோபோ தாமதித்தால் நாம் கேள்வியைத் திரும்பக் கேட்கிறோம். அதன் குழப்பம் மேலும் பெருகுகிறது.

வங்கிகளில் இம்முயற்சி புதிதன்று. 1904இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி, 2016 நவம்பரில் சென்னையில் 'லட்சுமி' என்னும் ரோபோவை அறிமுகப்படுத்தியது. 2017 ஜனவரியில் எச்.டி.எஃப்.சி. வங்கி, மும்பை லோயர் பரேலில் உள்ள கமலா மில்ஸ் கிளையில் 'ஐரா'வை நிறுத்தியது. கொச்சி நிறுவனம் ஒன்றுடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஐரா, வருவோரை வரவேற்று உரிய கவுண்டருக்கு வழிகாட்டியது. லட்சுமியின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பொதுவான கேள்விகளுக்கு அது வாய்விட்டு விடை கூறும். கணக்கு விவரங்களையோ திரையில் மட்டுமே காட்டும். பின்னால் வரிசையில் நிற்பவருக்கு நம் இருப்புத் தொகை கேட்கலாகாது அன்றோ! எதை உரக்கச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது என்று அறிவதும் அறிவே.

இதே எச்சரிக்கையைக் குர்லாவை ஒட்டிய பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இயங்கும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பணியிலும் காண்கிறோம். 2023 செப்டம்பரில் அது குரல்வழிப் பணம் அனுப்பும் 'ஹலோ! யூ.பி.ஐ.' வசதியை முதலில் இந்தி, ஆங்கில மொழிகளுக்கென அறிவித்தது. மொழி நுட்பத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4 பாரத்' துணைநின்றது. இதில் கட்டளையைக் குரலால் தரலாம். இரகசிய எண்ணான 'பின்'னை மட்டும் கையால் இட வேண்டும். குரலைப் பிறர் கேட்கவும் பதிவுசெய்யவும் கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

'அறுநூறு' என்றது இரைச்சலில் 'எழுநூறு' எனக் கேட்டால் நூறு ரூபாய் வீணே போகும். ஆகவே, தான் கேட்டதில் எவ்வளவு உறுதி உள்ளது என்பதையும் இயந்திரம் கணக்கிடுமாறு ஆய்வாளர்கள் அமைக்கின்றனர். உறுதி குறைந்தால் அது ஊகிக்காமல் மீண்டும் கேட்க வேண்டும். அப்போதும் விளங்காவிடில் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். பயனர் தட்டச்சுசெய்த சொற்களையே அது கேள்விகளாகத் திருப்பித் தந்தது. பொருள் எதையும் உணரவில்லை. அந்த நிரல் உருவாவதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதனோடு தனிமையில் உரையாட விரும்பி அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னாராம். இனிமையாகப் பேசும் எதையும் நம்பிவிடுவது மனித இயல்பு. மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் அதனையே.

எனவே, தொகையையும் பெறுபவர் பெயரையும் திரையில் சரிபார்த்த பின்னரே 'பின்'னை இடுவோம். 'பின்', ஓ.டி.பி. ஆகியவற்றை வாயால் சொல்லுமாறு கேட்பது மனிதக் குரலாயினும் இயந்திரக் குரலாயினும் உடனே அழைப்பைத் துண்டிப்போம். பணம் பறிபோயிருப்பின் தாமதியாது 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் நம் வங்கிக் கிளையையும் தொடர்புகொள்வோம்.