போர்க்கால மாந்தரும் சிறுகதைப் புனைவும்

வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைச் சிறுகதையின் தலைவராக அமைத்தல் எளிதன்று. அவர் போர்க்காலத்து மாந்தராயின் இடர்ப்பாடு இன்னும் மிகும். அவர்தம் செயல்கள் நாளும் பொழுதும் குறித்து எழுதப்பெற்றிருக்கும். உள்ளமோ பெரும்பாலும் எழுதப்பெற்றிராது. கதை வேண்டுவது அவ்வுள்ளத்தையே. இவ்விடைவெளியைப் புனைவாசிரியர் எங்ஙனம் நிரப்புதல் தகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக் கடற்கரையை அணுகிக் குண்டு பொழிந்தது. அரைமணிப் பொழுதிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் வீழ்ந்தன. பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. இறந்தோர் சிலரே, எனினும் எழுந்த அச்சம் பெரிது. மக்கள் பலர் நகரைவிட்டு நீங்கினர். அஞ்சத்தக்க சூழ்ச்சித் திறனுடையவனை 'எம்டன்' எனச் சுட்டும் வழக்கும் தமிழிற் புகுந்தது.

அக்கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். வணிகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன் அவற்றில் இருந்தோரைக் காத்தமையால் பகைவராலும் பாராட்டப் பெற்றவர். 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோசுத் தீவுகளின் அருகே ஆத்திரேலியப் போர்க்கப்பலாகிய சிட்னியால் எம்டன் வீழ்ந்தது, முல்லர் சிறைப்பட்டார், போருக்குப் பின் 1923இல் மறைந்தார். அவருடைய துணையலுவலர் எல்முத் ஃபான் முக்கே 1915இலேயே தம் பட்டறிவை நூலாக்கினார். முல்லரோ பொதுமக்களுக்கென நூலொன்றும் எழுதினாரல்லர். புனைவாசிரியரை அழைப்பது இவ்வமைதியே.

அமைதியான இடத்திற் பழங்கதை விரைந்து முளைக்கும். விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னையைத் தாக்குவித்தார் என்னும் செய்தி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1914இல் அவர் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் இந்தியர் குழுவொன்றின் தலைவராக இருந்து, அவ்வாண்டின் பிற்பகுதியிற் பெர்லின் சேர்ந்தார். எம்டனோ சீனக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு இந்தியப் பெருங்கடலுட் புகுந்த கப்பல். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்கு அச்செய்தி பொருந்தாமை புலனாகும். பொருந்தாத புகழ் அவருக்கு ஆக்கம் தருவதன்று. அவர் ஐரோப்பாவில் உண்மையாகச் செய்த தொண்டினை அது மறைத்துவிடுகின்றது.

இனி, நம் இலக்கணம் காட்டும் நெறியொன்றை நோக்குவாம். அகத்திணையில் ஒருவர் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பெயரும் ஊரும் சுட்டப்படுவது புறத்திற்கு உரியது. அவ்விதி காதற் பாடலுக்கே உரியது என்பது உண்மை. ஆயினும், பெயருடையார்க்குச் செயலும் பெயர் சுட்டப்படாதார்க்கு உள்ளமும் எனப் பகுத்த அந்நுட்பம் வரலாற்றுச் சிறுகதைக்கும் வழிகாட்டுவதாகும். முல்லர் செய்தன யாவும் கதையில் அமையலாம். ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைத்தலே நோக்கம் என்பது போல அவர் தாமே பதிந்தவையும் அமையலாம். ஆனால், அவ்விரவில் அவர் இரங்கினார் என்றோ இறுமாந்தார் என்றோ எழுத நமக்கு உரிமை யாது? அவ்வுணர்ச்சியை எண்ணெய்க் கொள்கலத்தின் அருகே காவலிருந்த பெயரறியா ஒருவன்மேல் ஏற்றின் கதையும் சிறக்கும். எவர்க்கும் தீங்கும் நேராது.

அவ்வாறாயின் தலைவன் உயிரற்ற உருவமாகிவிடானோ எனின், ஆகான் என்க. நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவிற் பாசறையிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்லுதல் மட்டுமே காட்டப்படுகின்றது. அவன் எண்ணியது கூறப்படவில்லை. எனினும் கற்பார் அதனை உணர்கின்றனர்.

அப்பாட்டே மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. வேலில் வேம்பு சூட்டிய குறிப்பொன்றாற் பாண்டியன் சுட்டப்படுதலின், உரையாசிரியர் அதனைப் புறம் எனக் கொண்டனர். எனவே, பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடையாளங்களை அவ்வாறே வைத்து எழுதுவோர் வரலாற்றுக் கடமையினின்று தப்பியவராகார். குறிப்பும் பெயரே.

இக்கட்டுப்பாடு நாவலினும் சிறுகதைக்கு இன்றியமையாதது. நாவலில் ஒருவரின் பல நாள்களும் பல இயல்புகளும் தோன்றும். ஓரிடத்துப் பிழையைப் பிறிதோரிடம் திருத்தும். சிறுகதை காட்டுவது ஒரு பொழுதினையே. கற்பார் உள்ளத்தில் அப்பொழுதே அம்மனிதரின் முழு வாழ்வாக நிலைத்துவிடும். மறைந்தார் எழுந்து வந்து மறுப்புரை கூறார். ஆதலின், அவர் பொருட்டு மறுப்புரைக்க வேண்டியவற்றை எழுதுமுன்னரே தாமே ஆராய்ந்து களைதல் வரலாற்றுச் சிறுகதை எழுதுவார்தம் முதற்கடன் எனக் கொள்வோமாக.