இரண்டு நாட்டுக்கு ஒரே மெட்டு

பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் தேசிய கீதத்தின் வரிகள் வேறு, மெட்டு ஒன்றுதான். மெட்டுப் போட்ட பிரெட்ரிக் பாசியுஸ் ஜெர்மனியில் பிறந்தவர். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுக்க வந்தவர், அதாவது நம்மைப் போல வேலைக்காக நாடு மாறியவர். 1838-ல் மாணவர்களைச் சேர்த்து ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். அந்தக் குழு இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. 1848-ல் இந்த மெட்டை முதன்முதலில் மக்கள் முன் பாடியதும் அந்த மாணவர்கள்தான்.

இது எனக்குத் தெரியவந்தது ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குப் போகும் கப்பலில். மேல்படிப்புக்கு வந்து, வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். குளிர்காலத்தில் மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊரில் சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் மாணவர் பாடகர் குழு ஒன்றில் சேர்ந்தேன். படிப்பு முடிந்தும் பழைய மாணவர்களை அவர்கள் விரட்டுவதில்லை. இருபது வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு மாமாவாக நானும் நிற்கிறேன்.

எஸ்டோனியாவில் நான்கு நாள், மூன்று கச்சேரி. கேக் சுட்டு விற்றுச் சேர்த்த காசில் பஸ். படுக்கை ஒரு பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில். சூப்பும் கறுப்பு ரொட்டியும் சாப்பாடு. கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை பாடிப் பார்ப்போம். தார்த்து நகரத்தின் யானி தேவாலயம் சுடுமண் சிற்பங்களுக்குப் பேர்போனது. உள்ளே பாடினால் எதிரொலி அடங்க நேரமாகிறது என்று நடத்துநர் பாட்டின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

எனக்கு பேஸ் குரல். பாதிப் பாட்டில் மெட்டே எனக்கு வராது, மூன்று நாலு சுரங்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது என் மனைவி, "இது பாட்டா, மந்திரமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மற்ற மூன்று குரல்களும் பக்கத்தில் இருந்தால்தான் அது பாட்டு.

எஸ்டோனிய மொழிப் பாட்டும் ஒன்று கற்றுக்கொண்டு போனோம். பின்னிஷும் எஸ்டோனியனும் உறவு மொழிகள், ஆனாலும் உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டிய ஓர் உயிரெழுத்து பின்னிஷ்காரர்களுக்கு வரவேயில்லை. எனக்கு வந்தது! "ஆறு", "காது" என்று நாம் பேசும்போது கடைசியில் வருமே குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுதான். எட்டாம் வகுப்புத் தமிழம்மா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தார்த்துவில் கச்சேரி முடிவில் அந்தப் பொது மெட்டைப் பாடினோம், உள்ளூர்க் குழு எஸ்டோனியனில், நாங்கள் பின்னிஷில். எல்லாரும் எழுந்து நின்றார்கள். 1869-ல் எஸ்டோனியர்களின் முதல் பாட்டு விழாவில் இது பாடப்பட்டது அதே ஊரில்தான். சோவியத் காலத்தில் அந்தக் கீதத்துக்குத் தடை. ஆனால் பின்லாந்து வானொலி ராத்திரி ஒலிபரப்பை முடிக்கும்போது தன் கீதத்தைப் போடும், கடலுக்கு இந்தப் பக்கமும் அது கேட்கும். "எங்க அப்பா சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேப்பார். வரிகளை வாய்க்குள்ளேயே சொல்லுவார்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி. 1988-ல் தாலின் பாட்டு மைதானத்தில் லட்சக்கணக்கானவர்கள் கூடிப் பாடினார்கள். 1991-ல் விடுதலை. மொத்த மக்கள்தொகை இன்றைக்கும் பதினாலு லட்சத்துக்குள்தான்.

திரும்பி வரும்போது நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஆளுக்கு மூன்று நிமிஷம், கரோக்கி, கையில் மைக். தன் பிள்ளை பாடி முடித்ததும் பாதிப் பெற்றோர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பரிசு வாங்கும் குழந்தை அடுத்த வருஷமும் பாடும். சுமாராகப் பாடுகிற குழந்தை பாட்டை விட்டுவிடும், கூடவே அதன் தமிழும் கொஞ்சம் போய்விடும். தனிக் கச்சேரி நம் மரபு, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு "நீ இல்லாட்டி இந்தப் பாட்டு நிக்காது" என்று சொல்ல அதில் வழியில்லையே.

சேர்ந்திசை நமக்குப் புதுசும் இல்லை. எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை நிறுவி, பாரதி பாட்டுகளைப் பல குரலில் பாடவைத்தார். திருநெல்வேலிப் பக்கம் தேவாலயங்களில் நாலு குரல் பாட்டு தலைமுறைகளாக உண்டு. வயலின் வகுப்புக்கும் நீச்சலுக்கும் காரோட்டும் நாம் இதற்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

எங்கள் ஊரில் இப்போதைக்குப் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம், அதில் ஆறு பேர் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில். சுருதி இன்னும் அங்கங்கே ஓடுகிறது. பேஸுக்கு நான் இருக்கிறேன். டெனருக்குத்தான் ஆள் வேண்டும்.