கையில் 78651... மனதில் அம்மா சொன்ன பாடம்! - பிரான்ஸை மாற்றிய சிமோன் வேய்

1944 மார்ச் 29. பிரான்ஸின் தெற்குக் கடற்கரை நகரமான நீஸில் பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்தார் சிமோன் ஜாக்கோப். வயது 16. மறுநாள், தேர்வு முடிந்த சந்தோஷத்தில் நண்பர்களைப் பார்க்கக் கிளம்பினார். சாதாரண உடையில் இருந்த இரண்டு ஜெர்மானியர்கள் தெருவில் அவரை மடக்கினார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. யூதக் குடும்பம் என்பது வெளியே தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பலிக்கவில்லை. அம்மா, அக்கா, அண்ணன் என எல்லோரும் அதே நாளில் பிடிபட்டார்கள்.

இரண்டே வாரங்களில் சிமோன், அம்மா இவோன், அக்கா மிலு மூவரும் ஆடு மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் அடைக்கப்பட்டுப் போலந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஏப்ரல் 15 இரவு ரயில் நின்ற இடம் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். இறங்கியவர்களை அங்கேயே இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று விஷவாயு அறைக்கு. அந்த நெரிசலில் முன்பின் தெரியாத ஒரு கைதி சிமோனின் காதருகே வந்து, வயது கேட்டால் 18 என்று சொல்லச் சொன்னார். சொன்னார், பிழைத்தார். இடது கையில் 78651 என்று பச்சை குத்தினார்கள்.

முகாமில் கைதிகளைக் கண்காணித்த போலந்துப் பெண் ஒருத்திக்கு சிமோன் மீது ஏனோ இரக்கம் வந்தது. இவ்வளவு அழகான பெண் இங்கே சாகக் கூடாது என்று சொல்லி, கொஞ்சம் கடுமை குறைந்த வேறொரு முகாமுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னாள். உயிரே கிடைக்கிற வாய்ப்பு. அப்போதும் சிமோன் நிபந்தனை போட்டார். அம்மாவும் அக்காவும் கூட வந்தால்தான் போவேன்! ஆச்சர்யம், அவள் சம்மதித்தாள்.

ஆனாலும் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. 1945 ஜனவரியில் ரஷ்யப் படைகள் நெருங்கியதும் கைதிகளைக் கொட்டும் பனியில் நடக்கவைத்து இழுத்துப்போனார்கள். பெர்கன்-பெல்சன் முகாமில், மார்ச் மாதம், டைஃபஸ் காய்ச்சலில் இவோன் இறந்துபோனார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் படை வந்து முகாமை விடுவித்தது. அப்பாவும் அண்ணனும் பால்டிக் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டதோடு சரி, திரும்பவே இல்லை. பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து, தனியாகப் பிடிபட்ட இன்னொரு அக்கா தெனீஸ் மட்டும் வேறொரு முகாமிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தார்.

பிரான்ஸுக்குத் திரும்பிய பிறகுதான் சிமோனுக்குத் தெரிந்தது, அந்தப் பள்ளி இறுதித் தேர்வில் அவர் பாஸ் என்று.

இவோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேதியியல் படித்த பெண். திருமணமானதும், கட்டடக் கலைஞரான கணவர் விரும்பவில்லை என்பதற்காகப் படிப்பை விட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டுச் செலவுக்கும் அவரிடம்தான் கையேந்த வேண்டும். அந்த வலியை மகள்களிடம் அவர் மறைக்கவில்லை. நன்றாகப் படியுங்கள், ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும், சொந்தக் காலில் நில்லுங்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. சிமோனின் வாழ்க்கையில் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான் என்று தோன்றுகிறது.

பாரிஸில் சட்டமும் அரசியல் அறிவியலும் படிக்கப் போன இடத்தில் அந்துவான் வேய் அறிமுகமானார். 1946-ல் திருமணம், அடுத்தடுத்து மூன்று மகன்கள். 1950-ல் அந்துவானுக்கு வேலை கிடைத்த நாடு எது தெரியுமா? ஜெர்மனி! அம்மாவைப் பறிகொடுத்த மண்ணுக்கு ஐந்தே வருடத்தில் குடித்தனம் நடத்தப் போனார் சிமோன். தெரிந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு நாடுகளும் சமாதானமாகாவிட்டால் மூன்றாவது உலகப் போர் வரும், அது இன்னும் மோசமாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஜெர்மனியைவிட சொந்த நாட்டு மனிதர்கள்தான் அவரை அதிகம் காயப்படுத்தினார்கள். ஒரு விருந்தில், பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கையிலிருந்த எண்ணைப் பார்த்து, கோட்டு வைக்கும் அறையில் கொடுத்த டோக்கன் நம்பரா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அதன்பிறகு பல வருடங்கள் சிமோன் முழுக்கைச் சட்டைதான் அணிந்தார்.

1952-ல் இன்னொரு இடி. முகாமில் கூடவே இருந்து பிழைத்த அக்கா மிலு, கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய கைக்குழந்தையும் பிழைக்கவில்லை.

வழக்கறிஞராக வேண்டும் என்பது சிமோனின் ஆசை. கணவருக்கு அது பிடிக்கவில்லை. அம்மா கதை அப்படியே திரும்புகிறது, இல்லையா? ஆனால் இந்த முறை முடிவு வேறு. விவாதித்து, சண்டை போட்டு, கடைசியில் நீதிபதிகளுக்கான தேர்வு எழுதுவது என்று சமரசமானது. 1956-ல் தேறினார். சிறைத்துறை நிர்வாகத்தில் வேலை. சிறை சிறையாகப் போய்ப் பார்த்தார். அல்ஜீரிய விடுதலைப் போரின்போது அங்கே சிறையிலிருந்த பெண்களின் நிலையைப் பார்த்துவிட்டு, அவர்களை பிரான்ஸ் சிறைகளுக்கு மாற்ற வைத்தார். அடைபட்டுக் கிடப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர் ஆயிற்றே!

1974-ல் புதிய அதிபர் ஜிஸ்கார் டெஸ்டாங், தேர்தலில் நின்றே பழக்கமில்லாத சிமோனை சுகாதார அமைச்சராக்கினார். மேஜையில் காத்திருந்தது கருக்கலைப்புப் பிரச்னை. சட்டப்படி அது குற்றம். 1943-ல் பெண்களுக்குக் கருக்கலைப்பு செய்துவிட்டதற்காக மாரி லூயிஸ் ஜிரோ என்ற பெண்ணின் தலையையே கில்லட்டினில் துண்டித்தார்கள். ஆனாலும் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் கருக்கலைப்புகள் திருட்டுத்தனமாக நடப்பதாக அரசே கணக்கு சொன்னது. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுக்குப் போய் வந்தார்கள். ஏழைப் பெண்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

நவம்பர் 26-ம் தேதி சிமோன் பேச எழுந்தபோது, 490 பேர் கொண்ட அவையில் பெண்கள் 9 பேர்தான். ஆண்கள் நிறைந்த அவையில் ஒரு பெண்ணாக இதைப் பேசுவதற்கு மன்னிக்கச் சொன்னார். எந்தப் பெண்ணும் சந்தோஷமாகக் கருவைக் கலைப்பதில்லை, பெண்கள் சொல்வதைக் கேட்டாலே அது புரியும் என்றார். கோஷமில்லை, ஆவேசமில்லை. சட்டம் படித்தவரின் நிதானம் மட்டும்.

எதிரில் இருந்தவர்களிடம் அந்த நிதானம் இல்லை. கருவின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து வந்து அவையில் ஒலிக்கவிட்டார் ஓர் உறுப்பினர். இன்னொருவர், கருக்களை எரி உலையில் போடப்போகிறீர்களா என்று கேட்டார். ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட பெண்ணைப் பார்த்து! அவருடைய கடந்தகாலம் தனக்குத் தெரியாது என்று பிற்பாடு மன்னிப்பு கேட்டார் அந்த உறுப்பினர். சிமோன் குடியிருந்த கட்டடத்தில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தை வரைந்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு, நவம்பர் 29 அதிகாலை மூன்றரை மணி தாண்டி ஓட்டெடுப்பு. ஆதரவு 284, எதிர்ப்பு 189. ஆளும் கூட்டணியில் பாதிக்கும் மேற்பட்டோர் கைவிட, எதிர்க்கட்சியான இடதுசாரிகளின் ஓட்டில் ஜெயித்தது சட்டம். அந்த நாட்களில் சிமோன் முகத்தைக் கைகளில் புதைத்திருக்கும் படம் ஒன்று பிரபலமானது. அழுதுவிட்டார் என்றார்கள். அழவில்லை, அசதி என்றார் அவர்.

அது முழுமையான சட்டமல்ல. முதல் 10 வாரங்களுக்குள்தான் அனுமதி. ஐந்தாண்டு சோதனை முயற்சியாகத்தான் வந்தது. செலவை அரசுக் காப்பீடு ஏற்கவில்லை, அதற்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணிய இயக்கத்தினர் பலருக்கு அந்தக் குறை இருந்தது. ஆனால், அன்றைய அவையில் அதற்கு மேல் கேட்டிருந்தால் எதுவுமே கிடைத்திருக்காது. 2024 மார்ச்சில் இந்தச் சுதந்திரத்தை அரசியலமைப்பிலேயே எழுதியது பிரான்ஸ். அப்போது ஆதரவு 780, எதிர்ப்பு 72.

1979-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் முதன்முறையாக நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். அதன் தலைவராகத் தேர்வானவர் சிமோன். ஜெர்மனிக்குக் குடித்தனம் போனபோது வாயடைத்துப் போனவர்களுக்கு அப்போது விஷயம் புரிந்திருக்கும். பிறகு மீண்டும் அமைச்சர், அரசியலமைப்புக் கவுன்சில் உறுப்பினர் என்று பதவிகள் தொடர்ந்தன.

2010-ல் மொழிக்காக இயங்கும் பிரெஞ்சு அகாதெமியில் உறுப்பினராக அமர்ந்தார். அங்கே சேருபவர்களுக்கு வாள் ஒன்று செய்து தருவது மரபு. தன்னுடைய வாளில் அவர் பொறிக்கச் சொன்னவற்றில் ஒன்று, 78651. முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவைத்த அதே எண்.

2017 ஜூன் 30 அன்று, 90 வயதுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிமோன் காலமானார். தேசத்தின் பெரிய மனிதர்கள் உறங்கும் பாந்தியோனில் அவரை வைக்க வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2018 ஜூலை 1 அன்று அது நடந்தது. தனியாக அல்ல, 2013-ல் இறந்த கணவர் அந்துவானோடு சேர்த்து. மனைவி வழக்கறிஞராவதை விரும்பாத அந்த மனிதருக்கு, மனைவியின் புகழால் கிடைத்தது பாந்தியோனில் ஓர் இடம்.