புற்றரைக்குப் பதிலாக நிலமூடு தாவரங்கள்

மாணவர்களே, வீட்டு முற்றத்துப் புற்றரைக்கும் நீங்கள் அருந்தும் கிணற்று நீருக்கும் தொடர்பு உண்டா? யாழ்ப்பாணக் குடாநாட்டை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழைநீர் மண்ணினூடாகக் கீழிறங்கிச் சுண்ணக்கற் பாறைகளில் தேங்குகின்றது. கிணறுகளிற் கிடைப்பது இந்நீரேயாகும்.

புற்றரையால் ஏற்படும் பிரச்சினைகள்

1. நீர் விரயம்: 1 சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் உயர நீர் என்பது 1 லீற்றர் ஆகும். எனவே 100 சதுர மீற்றர் புற்றரைக்கு ஒரு தடவை 5 மில்லிமீற்றர் நீர் பாய்ச்ச 500 லீற்றர் தேவை.

2. நீர் மாசடைதல்: புல்லுக்கு இடப்படும் யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. தாவரம் உறிஞ்சாத பகுதி நைத்திரேற்றாக மாறி, நீருடன் கிணற்றை அடையும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டலாகும். விஞ்சினால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறையும். குடாநாட்டின் விவசாயப் பகுதிகளிற் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளது. தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிகளுமே இதற்குப் பிரதான காரணங்கள். முற்றமும் அவற்றுடன் சேரலாகாது.

3. உயிர்ப் பல்வகைமை குறைதல்: ஒரே இனப் புல் பூக்குமுன் வெட்டப்படுவதால் தேனீக்களுக்கு உணவில்லை.

பொருத்தமான தாவரங்கள்

• பொடுதலை: கணுக்களில் வேர்விட்டுப் படரும், வறட்சியையும் ஓரளவு உவர்த்தன்மையையும் தாங்கும், வண்ணத்துப்பூச்சிகள் இதன் பூக்களை நாடும்.
• அராக்கிஸ் பின்டோய்: நிலக்கடலையின் உறவினம், மரநிழலிலும் வளரும். வேர்க்கணுக்களிலுள்ள பற்றீரியாக்கள் வளிமண்டல நைதரசனைப் பதிப்பதால் யூரியா தேவையில்லை.
• வல்லாரை: கிணற்றடி போன்ற ஈரமான இடங்களுக்கு ஏற்றது, உணவாகவும் பயன்படும்.

மாற்றும் முறை

புல்லைக் கடதாசி அட்டையாலும் சருகாலும் சில வாரங்கள் மூடி, ஒளி படாது இறக்கச் செய்க. ஐப்பசி மழை தொடங்கியதும் தண்டுத் துண்டங்களை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுக. நிலம் முழுமையாக மூடப்படும்வரை களை பிடுங்குக.

கவனிக்க: விளையாட்டிடங்களுக்குப் புல்லே சிறந்தது, இத்தாவரங்கள் தொடர்ந்து மிதிபடுவதைத் தாங்கா. புல்லை அகற்றி நிலத்தை வெறுமையாக விட்டால் மண்ணரிப்பு ஏற்படும்.

பயிற்சி வினா: புற்றரைக்குப் பதிலாக நிலமூடு தாவரங்களை வளர்ப்பது நிலத்தடி நீரைப் பாதுகாக்கும் இரு வழிகளை விளக்குக.

(குறிப்பு: “நீர் மிச்சமாகும்” என்று மட்டும் எழுதினாற் போதாது, காரணத்தையும் தருக.)