ஒட்டுத் தெரியாமல்

காது போன போக்கில் – 17

போன வாரம் ரெக்கார்டிங் சென்டர்களைப் பற்றி எழுதியிருந்தேன். துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, கேசட் பதிந்து வர ஒரு வாரம் காத்திருந்த காலம். அந்தக் கடைக்காரர்களுக்குத் தொழில் மானம் ஒன்று இருந்தது. பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்றால் கடைசிப் பாட்டு அறுபடாமல் முடிய வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூன்று எண்ணுகிற அளவு அமைதி விடுவார்கள். அந்த அமைதியையே ஒழித்துக்கட்டிய ஓர் இசைத்தட்டு இந்த வாரம்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சிடி குவியலுக்குள் கிடந்தது. இருபது ரூபாய். பால் ஓக்கன்ஃபோல்ட் என்ற ஆங்கிலேய டிஜே 1998இல் வெளியிட்ட ‘டிரான்ஸ்போர்ட்’. டிரான்ஸ் என்ற இசை வகையையும் போக்குவரத்தையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்ட தலைப்பு. ஆங்கில எழுத்தில்தான் அந்த முடிச்சு கண்ணில் படும். தமிழில் எழுதினால் ஒட்டே தெரிவதில்லை.

வில்லியனூரில் என் வீட்டில் சிடி போடுகிற கருவி எதுவும் உயிரோடு இல்லை. அக்கா மகன் கல்யாணங்களுக்கு டிஜே செட் போடுகிறவன். அவன்தான் பதினொரு துண்டுகளாக இறக்கி என் போனில் ஏற்றிக் கொடுத்தான். அன்றிரவே கேட்டேன். எரிச்சல்தான் மிஞ்சியது. ஒவ்வொரு பாட்டும் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தது போல நடுவிலிருந்து ஆரம்பித்தது. முடியும்போது கழுத்தைப் பிடித்து நிறுத்தியது போல நின்றது. மறுநாள் அவனிடம் சொன்னேன்.

போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். “மாமா, ஷஃபிள்ல போட்டுக் கேட்டிருக்கீங்க. மாலையப் பிச்சுப் போட்டுட்டு, பூ நல்லால்லன்னு சொன்னா எப்படி?”

“பூவெல்லாம் அந்த ஆளுது இல்லியாமேடா? பாட்டெல்லாம் வேற வேற ஆளுங்க போட்டதாமே?”

“ஆமா. கட்டினது மட்டும்தான் அவரு. கட்டினதுக்குத்தான் காசு.”

அடுத்த முறை வரிசை மாற்றாமல் கேட்டேன், வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம். இந்தத் தடத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமல்ல. பிரெஞ்சுக்காரர்கள் அவ்வப்போது பெற்றதும் இழந்ததுமாக, தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற துண்டுகள். வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. பஸ் எங்கேயும் வேகம் குறைப்பதில்லை. வயலும் அதே வயல், பனையும் அதே பனை. பெட்ரோல் பங்க்கில் விலையைப் பார்த்தோ, சாராயக் கடைப் பலகையைப் பார்த்தோதான் மாநிலம் மாறிவிட்டது என்று புரியும். அதற்குள் மாறி இரண்டு கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

காதிலும் அன்று அதுதான் நடந்தது. முதல் பாட்டின் தாளத்துக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கவனித்தால் வேறு மெட்டு ஓடுகிறது. அது எப்போது நுழைந்தது, பழையது எப்போது இறங்கிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

இதன் சூத்திரத்தை மருமகன் ஒரு சாயங்காலம் உட்கார வைத்து விளக்கினான். டிரான்ஸ் பாட்டுகளின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 140 அடி. இரண்டு சுழல்மேடைகளில் இரண்டு தட்டுகள். ஒன்று கூட்டத்துக்குக் கேட்கும். இன்னொன்று டிஜேயின் ஒரு காதில் மட்டும் கேட்கும். இரண்டாவதன் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதலாவதோடு அடிக்கு அடி பொருத்த வேண்டும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1200 வரிசைச் சுழல்மேடையில் அதற்கென்று ஒரு தள்ளுகட்டை உண்டு. எட்டு சதவீதம் வரை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதியும் ஏறும். ஆறு சதவீதத்துக்கு ஏறக்குறைய அரைக் கட்டை. தாளத்தைச் சேர்க்கப் போய்ச் சுருதி விலகினால் கூட்டத்துக்குக் காரணம் தெரியாது, முகம் மட்டும் சுளிக்கும்.

வேகம் சேர்ந்தால் மட்டும் போதாது. இந்தப் பாட்டுகள் 32 அடிக்கு ஒரு பத்தி என்று கட்டப்பட்டவை. 136 அடி வேகத்தில் ஒரு பத்தி 14 விநாடி. புதுப் பாட்டின் பத்தி, பழைய பாட்டின் பத்தி திரும்புகிற இடத்தில்தான் நுழைய வேண்டும். அதற்காகவே இந்தத் தட்டுகளின் தலையிலும் வாலிலும் மெட்டே இல்லாமல் வெறும் தாளம் மட்டும் நெடுநேரம் ஓடும். தனியாகக் கேட்டால் அலுப்பூட்டும் அந்தப் பகுதிதான் ஒட்டுப் போடுவதற்கு விட்டுவைத்த துணி.

1960களின் கடைசியில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராசோ என்பவர் இந்த வித்தைக்கு வழி போட்டார். ஆனால் நம் நாட்டுக் கடற்கரையில் அது வேறு வழியில் போனது. கோவாவின் அஞ்சுனாவில் விடிய விடிய இசை போட்ட கோவா கில், கலிஃபோர்னியாவிலிருந்து வந்து அங்கே வேரூன்றியவர். 2023இல் காலமானார். வெயிலில் வளைந்துபோகும் தட்டுகளை விட்டுவிட்டு, அவர் டேட் என்கிற சிறிய டிஜிட்டல் நாடாக்களில் வாசித்தார். நாடாவில் தட்டைப் போல வேகத்தைத் தொட்டுத் திருத்த முடியாது. ஆகவே கோவாப் பாட்டுகள் தாளமில்லாத மூட்டத்தோடு ஆரம்பித்து மூட்டத்தோடு முடியப் பழகின. ஒன்றின் மூட்டத்துக்குள் இன்னொன்றை இறக்கிவிடலாம். அந்தச் சுவையைத்தான் ஓக்கன்ஃபோல்ட் 1994 டிசம்பர் 18 அன்று பிபிசி ரேடியோ 1இல் ‘கோவா மிக்ஸ்’ என்று இரண்டு மணி நேரம் ஒலிபரப்பினார். நான்கு ஆண்டு கழித்து வந்தது இந்தத் தட்டு.

இதன் பிற்பாதியில் ‘கஃபே டெல் மார்’ வருகிறது. ஸ்பெயினின் இபிசா தீவில் உள்ள ஒரு கடையின் பெயர். அந்த மெட்டின் வேர், பெல்ஜிய இசையமைப்பாளர் விம் மெர்டென்ஸ் 1983இல் செய்த ‘ஸ்ட்ரகிள் ஃபார் பிளெஷர்’. பத்து ஆண்டு கழித்து எனர்ஜி 52 என்ற பெயரில் ஜெர்மனியில் பாட்டானது. 1997இல் இன்னொரு இணையர் அதை மறுவார்ப்புச் செய்த பிறகே ஊரெங்கும் பரவியது. இத்தனை கை மாறிய மெட்டை ஓக்கன்ஃபோல்ட் எடுத்துத் தன் மாலையில் சரியான இடத்தில் வைத்தார்.

அது வந்தபோது பஸ் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்றது. காதுக்குள்ளும் தாளம் நின்றது. அடி இல்லை, மெட்டு மட்டும் தனியாக, கிணற்றுக்குள் ஏறி இறங்குகிற வாளி மாதிரி. இதை பிரேக்டவுன் என்பார்கள். அரை மணிக்கும் மேலாக விடாமல் தட்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கையை எடுத்துவிட்டால், கேட்பவன் தன் உடம்பிலிருந்தே தாளத்தைப் போட ஆரம்பிக்கிறான். என் விரல் முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

டிரான்ஸ் என்றால் பரவசம், மருள். அப்படியென்றால் இதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒருவர்தான் சரி என்று தோன்றியது. பாகூர்ப் பக்கம் அம்மன் கோயில்களில் பம்பை அடிக்கும் பெரியவர். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாட்களில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏரிக்கரை டீக்கடையில் பிடித்தேன். ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். கால் மணி நேரம் பேசவில்லை. டீ ஆறியது.

“அடி சுத்தமா இருக்கு தம்பி. நிறுத்துற எடமும் தெரிஞ்சிருக்கு.” இயர்போனைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “ஆனா யாரப் பாத்து அடிக்கிறான் இவன்?”

நான் விழித்தேன்.

“நாங்க வர்ணிப்பு பாடிக்கினே அந்தப் பொம்பள காலப் பாப்போம். கட்டைவெரல் தரையில அழுந்துதான்னு பாப்போம். அழுந்துச்சின்னா ஏத்துவோம். வரலன்னா எறக்கிட்டு வேற வர்ணிப்புக்குப் போவோம். இவன் ஒரே வேகத்துல போறானே. எதிர்ல ஆளே இல்லியா?”

ஆள் இருந்தார்கள், தட்டுக்குள் இல்லை. ஓக்கன்ஃபோல்ட் 1997 முதல் 1999 வரை லிவர்பூலின் ‘கிரீம்’ கிளப்பில் நிலையான டிஜே. வாராவாரம் எதிரே ஆடுகிற கால்களைப் பார்த்துப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்தைத்தான் 74 நிமிடம் கொள்ளும் குறுந்தகட்டுக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறார். கூட்டம் வெளியே நின்றுவிட்டது. பம்பையில் ஆளுக்குத் தக்கபடி தாளம் மாறும். தட்டில் தாளத்துக்குத் தக்கபடி ஆள்தான் மாறிக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு நான் சொல்லத் தெரியாமல் சொன்னது இதுதான். அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, போதும் என்றாரா தெரியாது.

“வெள்ளிக்கெழம ராத்திரி கோயிலுக்கு வா. எங்க ஒட்டு எதுன்னு கண்டுபுடி பாப்போம்.”

போனேன். ஒரு வர்ணிப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடித்தே தீருவது என்று தீர்மானித்து, பம்பைக்காரரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பம்பை, ஓர் உடுக்கை, கைச்சிலம்பு. கற்பூரப் புகை. முதல் பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வேப்பிலை பிடித்திருந்த ஒரு பெண்ணின் கட்டைவிரல் மண்ணில் அழுந்துவதைப் பார்த்தேன்.

மறுபடி பெரியவரின் கைக்குக் கண்ணைத் திருப்பியபோது பாட்டு மாறியிருந்தது. அடித்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்து ஒரு முறை புருவத்தை உயர்த்தினார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1982இல் பம்பாய்ச் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை ஜப்பான் மின்கருவிகளில் ஏற்றி டிஸ்கோ தாளத்தில் ஒரு தட்டு போட்டார். அப்போது யாரும் வாங்கவில்லை. பிறகு நடந்தது வேறு.