வில்வ இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள்

தம்பி, தங்கைகளே! அடுத்த முறை சிவன் கோயிலுக்குப் போனால், கீழே விழுந்து கிடக்கும் வில்வ இலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். அவற்றைச் சிவபெருமானின் மூன்று கண்கள் என்பார்கள் சிலர். திரிசூலம் என்பார்கள் சிலர். தாவரவியலில் இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் இலை. அதற்குக் கூட்டிலை என்று பெயர்.

இப்போது அந்த இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடியாக ஒளிப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை ஓட்டைகள் அல்ல, வாசனை எண்ணெய் நிறைந்த சுரப்பிகள். இலையைக் கசக்கினால் அவை உடைந்து மணம் வரும்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சை இலையையும் கறிவேப்பிலையையும் இதேபோல் பாருங்கள். அதே புள்ளிகள் இருக்கும்! ஆமாம், வில்வம், எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, விளா எல்லாம் ரூட்டேசி என்னும் ஒரே குடும்பம்.

இந்த உறவு ஒரு வண்ணத்துப்பூச்சிக்கும் தெரியும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எலுமிச்சையில் மட்டுமல்ல, வில்வத்திலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். அதன் குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும்.

வில்வக் காயின் ஓடு மிகவும் கெட்டி. கல்லால் தட்டித்தான் உடைக்க வேண்டும். உள்ளே விதைகளைச் சுற்றிப் பசை போன்ற பிசின் இருக்கும். பிஞ்சிலும் காயிலும் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். வயிற்றுப்போக்குக்குச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் காயை உலர்த்திப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. அதே காய் நன்றாகப் பழுத்துவிட்டால் மலச்சிக்கலுக்குத் தருவார்கள்! வில்வ வேர் 'தசமூலம்' என்னும் பத்து வேர்களில் ஒன்று. வட இந்தியாவில் கோடைக்கு வில்வப்பழ சர்பத் குடிக்கிறார்கள். இலங்கையில் உலர்ந்த வில்வப் பூவைக் கொதிக்க வைத்துத் தேநீர்போல் அருந்துகிறார்கள்.

மருந்து என்பதற்காக நாமே பறித்துத் தின்றுவிடக் கூடாது. எதை, எவ்வளவு, யாருக்கு என்பது வைத்தியருக்குத்தான் தெரியும்.

நேபாளத்தின் நேவார் மக்கள், சிறுமிகளுக்கு வில்வக் காயோடு திருமணம் செய்து வைக்கும் சடங்கு ஒன்றை நடத்துகிறார்கள். அதற்கு 'இஹி' என்று பெயர்.

நம் பெரியவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை, அமாவாசை போன்ற நாட்களில் வில்வம் பறிக்க மாட்டார்கள். முந்தின நாளே பறித்து வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை பூசித்த வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாம், வாடினாலும் குற்றமில்லை என்பார்கள். பூசை அதிகம் நடக்கும் நாட்களில் மரத்துக்கு ஓய்வு. பறித்த ஓர் இலைகூட வீணாவதில்லை. அதனால்தான் நானும் உங்களை விழுந்த இலையை எடுக்கச் சொன்னேன். மரத்தில் இருக்கும் இலையில் ஒரு குட்டிப் புழு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம் அல்லவா?