கிளட்ச் இல்லாத க்ரூஸர்: கியர்பாக்ஸைத் திட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினைப் பாருங்க

"ஆட்டோமேட்டிக் பைக்"னு சொன்னாலே நம்ம பசங்க கிட்ட இருந்து வர்ற முதல் கேள்வி: "அப்போ அது ஸ்கூட்டர் தானே மச்சி?" கேள்வியில பாதி நியாயம் இருக்கு. கிளட்ச் லிவர் இல்லாத வண்டினா நம்ம கண்ணுல பட்டதெல்லாம் பெரும்பாலும் ஸ்கூட்டரும் மொபெட்டும்தான். ஆனா ஆட்டோமேட்டிக் ரொம்பப் பொருந்துற பைக் வகை எதுன்னு கேட்டா, நான் க்ரூஸரைத்தான் சொல்வேன். காரணம் கியர்பாக்ஸ்ல இல்ல, இன்ஜின்ல இருக்கு.

ஹோண்டா ரெபெல் 1100-ஐ எடுத்துக்கோங்க. 2021 மாடலா வந்த க்ரூஸர். இதுல இருக்கிற பேரலல் ட்வின் இன்ஜின், ஆஃப்ரிகா ட்வின் என்ற அட்வென்ச்சர் பைக்கோட இன்ஜின்தான். ஆனா ட்யூனிங் வேற. 2020 ஆஃப்ரிகா ட்வின்ல 105 நியூட்டன் மீட்டர் டார்க், 6250 ஆர்பிஎம்ல வரும். ரெபெல்ல 98 நியூட்டன் மீட்டர்தான், ஆனா 4750 ஆர்பிஎம்லயே வந்துடும். பவரையும் குறைச்சுட்டாங்க. பேப்பர்ல பார்த்தா நஷ்டம். ரோட்டுல அப்படி இல்ல. கீழ் ஆர்பிஎம்லயே டார்க் இருக்கிறதால, கியர்பாக்ஸ் நீங்க நினைச்சதை விட ஒரு கியர் மேல போட்டாலும் வண்டி திணறாம இழுக்கும். 10,000 ஆர்பிஎம் பக்கத்துல பவர் வர்ற ஸ்போர்ட்ஸ் பைக்ல அதே தப்பு நடந்தா, த்ராட்டிலைத் திருகிட்டுக் காத்திருக்கணும்.

அப்போ இது ஏன் முன்னாடியே ஹிட் ஆகல? ட்ரை பண்ணாம இல்ல. 1975-ல மோட்டோ குஸ்ஸி வி1000 கன்வெர்ட், 1976-ல ஹோண்டா சிபி750ஏ. ரெண்டுலயும் கார்ல இருக்கிற மாதிரி டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் ஒரு பக்கம் எண்ணெயைச் சுழற்றும், அந்த எண்ணெய் இன்னொரு பக்கத்து டர்பைனைச் சுழற்றும். நடுவுல நேரடிப் பிடிப்பு கிடையாது, அதனால கொஞ்சம் சக்தி எப்பவும் சூடா மாறி வீணாகும். பெரிய கார் இன்ஜினுக்கு அது தாங்கும், பைக்குக்கு வலிக்கும். போதாததுக்கு கியர் ரெண்டே ரெண்டு.

சிவிடி போட்டா என்ன? அமெரிக்காவுல ரிட்லி என்ற சின்ன கம்பெனி, வி-ட்வின் க்ரூஸர்ல சிவிடி போட்டு வித்தாங்க. ஓட்ட ஈஸி. ஆனா சிவிடியோட வேலையே இன்ஜினை ஏறக்குறைய ஒரே ஆர்பிஎம்ல வச்சுக்கிட்டு வேகத்தை ஏத்துறது. க்ரூஸர் வாங்குறவங்க பாதி காசு கொடுக்கிறதே அந்த "டப்-டப்" ஏறி இறங்குறதுக்குத்தான். அதை எடுத்துட்டா கோலம் போடாத வாசல் மாதிரி ஆயிடும்.

இங்கதான் டிசிடி ஜெயிக்குது. டூயல் கிளட்ச்னா ரெண்டு கிளட்ச். ஒண்ணு 1, 3, 5 கியருக்கு, இன்னொண்ணு 2, 4, 6-க்கு. ரெண்டாவது கியர்ல போகும்போதே மூணாவது ரெடியா மாட்டியிருக்கும். ஒரு கிளட்ச் விடுற நேரத்துல இன்னொண்ணு பிடிச்சுக்கும், இழுவை அறுந்து போகாது. உள்ள இருக்கிறது நிஜமான பல்சக்கரங்கள், அதனால ஒவ்வொரு கியருக்கும் சத்தம் மாறும். அந்தச் சத்தமும் சும்மா வரல. ரெபெலோட கிராங்க் 270 டிகிரி. ரெண்டு சிலிண்டரும் சம இடைவெளியில வெடிக்காம, 270, 450 டிகிரினு மாறி மாறி வெடிக்கும். 90 டிகிரி வி-ட்வினோட தாளமும் இதேதான்.

குறை இல்லையானு கேட்டா, இருக்கு. மேனுவலை விட சுமார் 10 கிலோ எடை கூட. வண்டியை ஆஃப் பண்ணா நியூட்ரலுக்குப் போயிடும், கியர்ல போட்டு நிறுத்த முடியாது; அதுக்குத் தனியா பார்க்கிங் பிரேக் கொடுத்திருக்காங்க. மெதுவா யூ-டர்ன் அடிக்கும்போது அரை கிளட்ச்ல பேலன்ஸ் பண்ற பழக்கம் இதுல செல்லாது. பின் பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டே த்ராட்டில் கொடுக்கணும். முதல் நாலு நாள் கை தானா லிவரைத் தேடும்.

"ஆனா கியர் மாத்துறதுதானே பைக்கோட சுகம்?" கரெக்ட், மலைப்பாதையில எனக்கும் அப்படித்தான். அதுக்கு இடது கைப்பக்கம் ப்ளஸ், மைனஸ் பட்டன் இருக்கு. ஆனா இடது மணிக்கட்டுல அடிபட்டு கிளட்ச் பிடிக்க முடியாத ஒருத்தரை யோசிச்சுப் பாருங்க. "இனிமே பைக்கை மறந்துடு"னு எல்லாரும் சொன்ன ஆளுக்கு, இந்த கியர்பாக்ஸ் திரும்பவும் ஒரு 1100 சிசி க்ரூஸரைக் கையில கொடுக்குது. அவர்கிட்ட போய் "இது ஸ்கூட்டர் தானே மச்சி"னு சொல்லிப் பாருங்களேன்.